காலி இருக்கை யார் கணக்கில்? விமானக் கூட்டணியும் சொந்த விமானமும்

ஒருமுறை டிக்கெட்டில் இருந்த பெயரை நம்பி, அந்த விமான நிறுவனத்தின் கவுண்டர் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். என் முறை வந்ததும் அங்கிருந்தவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஃப்ளைட் இல்லைங்க, அடுத்த டெர்மினலுக்குப் போங்க" என்றார். பெயர் அவர்களுடையது, எண் அவர்களுடையது, பணம் வாங்கியதும் அவர்கள்தான். விமானம் மட்டும் வேறு யாருடையதோ. ஓட்டமும் நடையுமாகப் போய் ஏறிவிட்டேன். ஆனால் அன்றைக்கு வந்த எரிச்சல்தான் இந்த விஷயத்தைக் கிளறிப் பார்க்க வைத்தது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. "கூட்டணியில் சேர்ந்தாச்சு, இனி உலகம் முழுக்க அவங்கதான்" என்பது ஒரு கட்சி. "சொந்தமாக விமானம் விட வக்கில்லாதவர்கள்தான் அடுத்தவர் விமானத்துக்கு டிக்கெட் விற்பார்கள்" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி தப்பு. கூட்டணி என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வெவ்வேறு ஏற்பாடுகளைத் திணித்துவிடுகிறோம், அதனால் வருகிற தப்பு.

அவற்றைப் பிரித்துப் பார்க்க எனக்கு உதவியது ஒரே ஒரு கேள்வி: விமானம் கிளம்பும்போது ஓர் இருக்கை காலியாக இருந்தால் அந்த நஷ்டம் யாருடையது?

இரண்டு பஸ் முதலாளிகள்

ஒரு முதலாளி தன் ஊரிலிருந்து ஜங்ஷன் வரை பஸ் விடுகிறார். ஜங்ஷனிலிருந்து கடற்கரை ஊருக்கு இன்னொருவர் விடுகிறார். முதல் ஊர்க்காரர்கள் கடற்கரைக்குப் போக வேண்டும். என்னவெல்லாம் செய்யலாம்?

ஒரே டிக்கெட்டை இரண்டு பஸ்ஸிலும் செல்லுபடியாக்கலாம். மூட்டை முடிச்சையும் பஸ்காரர்களே மாற்றி ஏற்றிவிடுவார்கள். அல்லது முதலாமவர் அந்த இரண்டாவது பஸ்ஸுக்கும் தன் பெயர் போட்டு டிக்கெட் விற்கலாம், விற்ற அளவுக்குக் கமிஷன் கிடைக்கும். அல்லது அந்த பஸ்ஸில் தினமும் பத்து சீட்டை மொத்தமாக வாங்கிப்போட்டு, தன் பாட்டுக்கு விற்கலாம். இன்னும் நெருக்கம் என்றால், இரண்டு கல்லாவையும் ஒன்றாக்கி மாதக் கடைசியில் பங்கு பிரித்துக்கொள்ளலாம். எதுவும் சரிப்படவில்லையா, தன் பஸ்ஸையே நேராகக் கடற்கரை வரை ஓட்டலாம்.

இப்போது காலி சீட்டைப் பாருங்கள். முதல் இரண்டு வழியிலும் நஷ்டம் இரண்டாவது பஸ்காரருக்கு. மூன்றாவதில், வாங்கிப்போட்ட பத்து சீட்டுக்கு முதலாமவர் பொறுப்பு. நான்காவதில் இருவருக்கும். ஐந்தாவதில் முழுக்க முழுக்க முதலாமவர் தலையில்.

'கூட்டணி' என்ற சொல் இந்த ஐந்திலும் வரவில்லை, கவனித்தீர்களா? அது பஸ் முதலாளிகள் சேர்ந்து வைத்த சங்கம் போன்றது. பொதுவான போர்டு, பொதுவான காத்திருப்பு அறை, எந்த பஸ்ஸில் போனாலும் புள்ளி ஏறுகிற ஓர் அட்டை. எந்த இரண்டு முதலாளிகள் கல்லாவைச் சேர்ப்பது என்பதெல்லாம் அவரவர் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டியது.

வானத்துக்கும் வேலி உண்டு

நேராகத் தன் பஸ்ஸையே ஓட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். விமானத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. முதல் தடை சட்டம்.

1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் இன்றைக்கும் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அடிப்படை. ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் தலைக்கு மேலே இருக்கும் வான்வெளி முழுச் சொந்தம் என்று அதன் முதல் பிரிவே சொல்கிறது. ஆகவே ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டுக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால், இரண்டு அரசுகளும் முதலில் ஒப்பந்தம் போட வேண்டும். எத்தனை நிறுவனங்கள், எந்தெந்த நகரங்கள், வாரத்துக்கு எத்தனை தடவை என்பது வரை அதில் எழுதியிருப்பது உண்டு. இந்தக் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் தளர்த்திவிடுகிற ஒப்பந்தத்துக்குத் திறந்த வான் ஒப்பந்தம் என்று பெயர்.

அந்நிய நிறுவனம் இன்னொரு நாட்டின் இரண்டு உள்ளூர் நகரங்களுக்கு இடையே ஆள் ஏற்றி இறக்குவதை அநேகமாக எந்த நாடும் அனுமதிப்பதில்லை. நியூயார்க் வரை தன் விமானத்தில் வந்த ஐரோப்பிய நிறுவனம், அங்கிருந்து டென்வருக்கு டிக்கெட் போட்டு விமானம் விட முடியாது. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு உள்ளூர் நிறுவனம் ஒன்றின் துணை வேண்டும்.

சரி, அந்த உள்ளூர் நிறுவனத்தையே வாங்கிவிடலாமே? அதற்கும் வேலி உண்டு. அமெரிக்க விமான நிறுவனத்தில் வெளிநாட்டவர் வைத்திருக்கக்கூடிய ஓட்டுரிமைப் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பாதிக்கு மேல் அங்குள்ளவர்கள் கையில் இருக்க வேண்டும். மற்ற தொழில்களில் எல்லை தாண்டி இரண்டு கம்பெனிகள் ஒன்றாகிவிடும் இடத்தில், விமானத் தொழிலில் கைகோத்துக்கொள்வதோடு நின்றுவிட வேண்டியிருக்கிறது. கூட்டணிகள் பிறந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன். ஊர் சுற்றுகிறவர்களின் வசதி இரண்டாம்பட்சம்.

தினமும் ஒரு விமானம் விட இரண்டு விமானம் வேண்டும்

இரண்டாவது தடை கணக்கு. எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

14 மணி நேரப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு 10 மணிக்கு விமானம் கிளம்புகிறது. புறப்பட்ட ஊரின் கடிகாரப்படி மறுநாள் பகல் 12 மணிக்குப் போய் இறங்குகிறது. சுத்தம் செய்து, எரிபொருள் நிரப்பி, ஆளை ஏற்ற 2 மணி நேரம். திரும்பி வர இன்னொரு 14 மணி நேரம். வந்து சேரும்போது மூன்றாம் நாள் அதிகாலை 4 மணி. ஆனால் இரண்டாம் நாள் இரவு 10 மணிக்கே அடுத்த விமானம் கிளம்பியாக வேண்டும், முதல் விமானமோ அப்போது வானத்தில் இருக்கிறது. தினம் ஒரு தடவை என்ற சாதாரண அட்டவணைக்கே இரண்டு விமானங்கள் தேவை. ஒன்று பழுதானால் என்ன செய்வது என்ற கவலை தனி.

இவ்வளவு நீளப் பயணத்துக்கு வழக்கமாக நான்கு விமானிகள் வேண்டும், மாறி மாறி ஓய்வெடுக்க. போயிங் 777-300 இஆர் போன்ற பெரிய விமானம் மணிக்கு 7, 8 டன் எரிபொருளைக் குடிக்கிறது. போய் இறங்கும் விமான நிலையம் நெரிசலானது என்றால் ஸ்லாட் வேண்டும். ஸ்லாட் என்பது இன்ன நேரத்தில் இறங்கி ஏற ஒதுக்கப்பட்ட உரிமை. 2016இல் லண்டன் ஹீத்ரோவில் ஒரே ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு ஓமன் ஏர் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. விமானத்துக்கு இல்லை, இறங்குவதற்கான அனுமதிக்கு!

இத்தனையும் செய்துவிட்டு 350 இருக்கைகளை நிரப்ப வேண்டும், தினமும், இரண்டு பக்கமும். அந்த இரண்டு நகரங்களுக்கு இடையே மட்டும் பயணிக்கிறவர்களை வைத்து இதைச் செய்யக்கூடிய நகர ஜோடிகள் உலகத்தில் குறைவு. மீதி இருக்கைகளை நிரப்புகிறவர்கள் சுற்றுவட்ட ஊர்களிலிருந்து சின்ன விமானத்தில் வந்து மாறி ஏறுகிறவர்கள். அல்லது அந்தப் பக்கம் இறங்கி வேறு ஊருக்கு மாறிப் போகிறவர்கள். விமானத் தொழிலில் இவர்களுக்கு 'ஃபீட்' என்று பெயர். பெரிய ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைகள் மாதிரி.

இங்கேதான் கூட்டு சேர்வதன் உண்மையான பலம் தெரியும். ஒரு நிறுவனம் தன் மைய நிலையத்திலிருந்து 40 ஊர்களுக்குச் சின்ன விமானம் விடுகிறது. கடலுக்கு அப்பால் இன்னொரு நிறுவனம் தன் மையத்திலிருந்து 40 ஊர்களுக்கு விடுகிறது. இரண்டு மையங்களையும் ஒரே ஒரு நீண்ட விமானத்தால் இணைத்தால், இந்தப் பக்கத்து 40 ஊர்களில் ஒவ்வொன்றிலிருந்தும் அந்தப் பக்கத்து 40 ஊர்களுக்கும் வழி பிறக்கிறது. 1,600 ஊர் ஜோடிகள். நடுவில் பறப்பது ஒன்றே ஒன்று.

ஃபீட் இல்லாமல் தடுமாறியதற்குப் பான் ஆம் பழைய உதாரணம். உலகத்தைச் சுற்றிப் பறந்த புகழ்பெற்ற நிறுவனம் அது, ஆனால் அமெரிக்காவுக்குள் அதற்கு நெடுங்காலம் உள்ளூர் வலையே கிடையாது. 1980இல் நேஷனல் ஏர்லைன்ஸை வாங்கி அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 1991 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல, ஓடையே இல்லாத ஆறாக இருந்தது அவற்றில் ஒன்று.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சொந்த விமானத்தை நினைத்த இடத்துக்கெல்லாம் விடச் சட்டம் இடம் தராது. இடம் தந்தாலும், ஃபீட் இல்லாமல் இருக்கை நிரம்பாது.

கைகோப்பதில் எத்தனை படிகள்

பஸ் கதையின் ஐந்து வழிகளுக்கும் விமானத் தொழிலில் பெயர் இருக்கிறது.

முதல் வழிக்கு இன்டர்லைன் என்று பெயர். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள், பெட்டி நேராகக் கடைசி ஊருக்கு. வந்த கட்டணத்தை ஒத்துக்கொண்ட ஒரு விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். இன்டர்லைன் பழைய ஏற்பாடு. நிறுவனங்களுக்கு இடையே வரவு செலவைத் தீர்த்து வைக்க, விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் கிளியரிங் ஹவுஸ் 1947 முதல் இருக்கிறது.

அடுத்தது கோட்ஷேர். ஒரு நிறுவனத்தின் விமானத்துக்கு இன்னொரு நிறுவனம் தன் எழுத்தையும் எண்ணையும் ஒட்டி விற்பது. உண்மையில் ஓட்டுகிறவர் இயக்கும் நிறுவனம், பெயர் போட்டு விற்கிறவர் விற்கும் நிறுவனம். ஒரே விமானத்துக்குப் புறப்பாட்டுப் பலகையில் நாலைந்து எண்கள் மாறி மாறி ஓடுவது இதனால்தான். வரிசையில் நின்று நான் ஏமாந்ததும் இதனால்தான். பெரும்பாலான கோட்ஷேரில் விற்கும் நிறுவனத்துக்குக் கமிஷன் மட்டுமே, காலி இருக்கை இயக்குகிறவர் கணக்கில். சில இடங்களில் விற்கும் நிறுவனம் குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளை முன்கூட்டியே வாங்கிவிடும். அப்போது அந்த அளவுக்கு நஷ்டமும் அதனுடையது.

எல்லாவற்றிலும் நெருக்கமானது கூட்டு வணிகம். குறிப்பிட்ட சில தடங்களில் இரண்டு மூன்று நிறுவனங்கள் கட்டணத்தையும் நேர அட்டவணையையும் சேர்ந்தே முடிவு செய்து, வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. பயணி யாருடைய விமானத்தில் ஏறினாலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. இந்தத் தொழிலில் விமானத்தை 'மெட்டல்' என்பார்கள். ஆகவே யாருடைய மெட்டல் என்ற பேதமே பார்க்காத நிலை இது.

போட்டியாளர்கள் உட்கார்ந்து விலையைப் பேசி முடிவு செய்வது சாதாரணமாகச் சட்டவிரோதம். அதனால் இதற்கு அரசின் தனி விலக்கு வேண்டும். 1992இல் அமெரிக்காவும் நெதர்லாந்தும் திறந்த வான் ஒப்பந்தம் போட்டன. அதையொட்டி 1993இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட், நெதர்லாந்தின் கே.எல்.எம் நிறுவனங்களுக்கு இந்த விலக்கு கிடைத்தது. அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா மூன்றுக்கும் அட்லாண்டிக் தடத்துக்காக 2010இல் கிடைத்தது. என் பார்வையில் உண்மையான இணைப்பு நடப்பது இங்கேதான், விமானத்தின் வாலில் வரைந்த கூட்டணி முத்திரையில் இல்லை. டிக்கெட் விலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். ஒரு தடத்தில் மூன்று பெயர்கள் தெரியலாம், உண்மையில் விலை வைப்பது ஒரே மேசையாக இருக்கும்.

அப்படியானால் கூட்டணி என்ன செய்கிறது?

பெரிய கூட்டணிகள் மூன்று. 1997 மே மாதம் ஏர் கனடா, லுஃப்தான்சா, ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ், தாய் ஏர்வேஸ், யுனைடெட் சேர்ந்து தொடங்கியது ஸ்டார் அலையன்ஸ். 1999இல் ஒன்வேர்ல்டு. 2000இல் ஸ்கைடீம்.

இவை கம்பெனிகள் ஒன்றாகிப்போன அமைப்புகள் அல்ல. ஓர் உறுப்பினரின் நஷ்டத்தை மற்றவர் சுமப்பதில்லை. அடிக்கடி பறப்பவருக்கு ஒரு நிறுவனத்தில் சேர்ந்த மைல் புள்ளிகளும் அந்தஸ்தும் மற்ற உறுப்பினர்களிடமும் செல்லும், ஓய்வறையில் உட்காரலாம், முடிந்த இடங்களில் எல்லோரும் ஒரே டெர்மினலில் இருப்பார்கள். கோட்ஷேர் செய்ய ஆள் தேடும்போது உறுப்பினர்களைத் தேடுவது சுலபம். அவ்வளவுதான். உறுப்பினர் ஆகிவிட்டதாலேயே எல்லோரோடும் கோட்ஷேர் வந்துவிடாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேச வேண்டும்.

இந்தக் கட்டு எவ்வளவு தளர்வானது என்பதற்கு இரண்டு சம்பவங்கள். குவான்டாஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்வேர்ல்டைத் தொடங்கியவர்கள். ஆனால் 2013இல் குவான்டாஸ், லண்டன் தடத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸோடு நெடுநாள் வைத்திருந்த கூட்டு ஏற்பாட்டை முடித்துக்கொண்டு, எந்தக் கூட்டணியிலும் இல்லாத எமிரேட்ஸோடு கைகோத்தது. அதற்காக ஒன்வேர்ல்டை விட்டு விலகவும் இல்லை! எஸ்.ஏ.எஸ் கதை இன்னும் வேடிக்கை. தானே சேர்ந்து தொடங்கிய ஸ்டார் அலையன்ஸை விட்டு 2024 ஆகஸ்ட் கடைசியில் வெளியேறி, மறுநாளே ஸ்கைடீமில் சேர்ந்துவிட்டது. ஏர் பிரான்ஸ்-கே.எல்.எம் அதில் பங்கு வாங்கியிருந்தது, அந்தக் குழுமம் ஸ்கைடீமில் இருக்கிறது. முத்திரை எப்போதும் பணத்தின் பின்னால்தான் போகும்.

ஆக, கூட்டணி என்பது குடை. அதன் அடியில் இன்டர்லைன், கோட்ஷேர், கூட்டு வணிகம் எதுவும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். குடைக்கு வெளியேயும் இவையெல்லாம் நடக்கும்.

'சொந்த விமானம்' எந்த அளவுக்குச் சொந்தம்?

சொந்த விமானம் என்று பேசும்போது பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பது முக்கியமே இல்லை. உலகில் பறக்கும் பயணிகள் விமானங்களில் ஏறத்தாழ பாதி வாடகை நிறுவனங்களுடையவை. விமானத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து, சொந்த விமானிகளையும் பணியாளர்களையும் வைத்து ஓட்டுவது உலர் குத்தகை. அதை எல்லோரும் சொந்த விமானமாகவே எண்ணுகிறார்கள், அதில் தவறும் இல்லை.

ஈரக் குத்தகை வேறு. விமானம், விமானிகள், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் இன்னொரு நிறுவனத்துடையது. எரிபொருளும் டிக்கெட் விற்பனையும் எடுத்தவருடையது. 2023இல் இண்டிகோ, டர்கிஷ் ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானங்களை அதன் விமானிகளோடு எடுத்து, இஸ்தான்புல் தடத்தில் இயக்கியது ஏறக்குறைய இந்த வகை. வெளியிலிருந்து பார்த்தால் அடுத்தவர் விமானம். நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: காலி இருக்கை யாருடையது? எடுத்தவருடையது. கணக்குப்படி இது சொந்தமாகப் பறப்பதற்குப் பக்கத்தில் நிற்கிறது, கோட்ஷேருக்குப் பக்கத்தில் இல்லை.

காலி இருக்கையைச் சுமப்பவருக்குக் கைமாறும் உண்டு. முழுக் கட்டணமும் அவருடையது, விமானத்தின் வயிற்றில் ஏற்றும் சரக்கின் வருமானமும் அவருடையது. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த ஊர் விமானத்தோடு பொருந்த வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர்தான். கோட்ஷேரில் விற்கிறவர் கூட்டாளி வைத்த நேரத்துக்குத்தான் ஆடியாக வேண்டும்.

சிலர் ஒரேயடியாகத் தனித்தே நிற்கிறார்கள். 1985இல் தொடங்கிய எமிரேட்ஸ் மூன்று கூட்டணிகளிலும் சேரவில்லை. கிழக்கும் மேற்கும் சந்திக்கும் இடத்தில் துபாய் இருப்பதால், இரண்டு பக்கத்து ஓடைகளையும் தன் விமானங்களாலேயே ஓட்டிக்கொள்ள முடிகிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000 முதல் ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. அப்படி இருந்தும் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வட்டாரத்துக்கு நடுவில் எங்கும் இறங்காமல் 18 மணி நேரத்துக்கு மேல் தன் விமானத்திலேயே பறக்கிறது. கூட்டணியா, சொந்த விமானமா என்று இரண்டில் ஒன்றைக் கேட்பதே தவறான கேள்வி என்பதற்கு இது போதும்.

வெளிநாட்டு நிறுவனங்களில் சிறு பங்குகளை வாங்கி அவற்றைத் தன் ஓடைகளாக்கிக்கொள்ளும் மூன்றாவது வழியும் உண்டு. ஸ்விஸ்ஏர் அதில் இறங்கி 2001இல் நொடித்துப்போனது. எதிஹாட் பங்கு வைத்திருந்த ஏர் பெர்லினும் அலிடாலியாவும் 2017இல் விழுந்தன. கூட்டாளியின் காலி இருக்கைகளையும் சேர்த்து விலைக்கு வாங்கும் வழி அது.

பேரம் பேசும்போதும் சொந்த விமானம்தான் பேசுகிறது. கையில் நீண்ட தூரத் தடமோ, ஆள் நிறைந்த உள்ளூர் வலையோ இல்லாத நிறுவனத்தை எந்தக் கூட்டாளியும் சமமாக நடத்த மாட்டார். ஆள் குறைவாகப் போகும் ஊருக்கு முதலில் கோட்ஷேரில் விற்றுப் பார்த்து, கூட்டம் சேர்ந்ததும் சொந்த விமானத்தை இறக்குவது நிதானமான நிறுவனங்கள் செய்வது. கோட்ஷேரிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டால், பயணியைச் சேர்த்துக் கொடுக்கும் ஏஜெண்ட் வேலையோடு நின்றுவிட வேண்டியதுதான்.

டிக்கெட்டில் எந்த வரியைப் படிப்பது?

பயணிக்கு இதில் முக்கியமான வரி ஒன்று உண்டு, 'இயக்குவது இன்னார்' என்பது. பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். கவுண்டர், டெர்மினல், இருக்கையின் அகலம், சாப்பாடு எல்லாம் அந்தப் பெயரைப் பொறுத்தவை. பெட்டியின் எடைக்கு யாருடைய விதி என்பது டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும், ஆகவே அதை டிக்கெட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஏதாவது தகராறு என்றால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கை செல்லுபடியாகும் பயணங்களில், டிக்கெட் விற்றவர், இயக்கியவர் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் பயணி இழப்பீடு கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாமத இழப்பீட்டு விதியின்படி கொடுக்க வேண்டியவர் இயக்கும் நிறுவனம்.

கடைசியாக, பலர் ஏமாறும் இடம். ஒரே கூட்டணியைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு, முதல் விமானம் தாமதமானால் கூட்டணி பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பார்கள். பொதுவாக அப்படிப் பார்த்துக்கொள்வதில்லை. தவறவிட்ட இணைப்புக்கு மாற்று விமானம் தர வேண்டிய கடமை, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருப்பதால் வருவது. கூட்டணியே இல்லாத இரண்டு நிறுவனங்கள் இன்டர்லைன் செய்த ஒரே டிக்கெட், ஒரே முத்திரை போட்ட இரண்டு டிக்கெட்டைவிடப் பத்திரமானது.